பீரோவுக்குள் ஏன் ஒளிகிறது இன்ஹேலர்?

கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருக்கிற சர்க்கரைக்காரர், 'எனக்குப் பாயசம் வேண்டாம்ப்பா, சுகர்!' என்று நாலு பேர் கேட்கவே சொல்கிறார். பிரஷர்காரர் சாப்பிட்ட கையோடு சட்டைப் பையிலிருந்து மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறார். யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அதே மண்டபத்தில் ஆஸ்துமாக்காரர் ஒருவர் இருந்தால் என்ன செய்கிறார்? கைக்குட்டைக்குள் இன்ஹேலரை மறைத்துக்கொண்டு மண்டபத்தின் பின்பக்கம் போகிறார். அல்லது, 'வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்' என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

மூன்றுமே நீண்ட நாள் வியாதிகள். மூன்றுக்குமே தினசரி மருந்து வேண்டும். ஆனால், ஆஸ்துமா மருந்து மட்டும் பீரோவுக்குள், சேலை மடிப்புக்குள், தலையணைக்கு அடியில் ஒளிந்துகொள்கிறது. கொஞ்ச நாளில் அங்கேயே மறந்தும் போகிறது.

'நோயாளிகள் சொன்னால் கேட்பதில்லை' என்று டாக்டர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். இருக்கலாம். ஆனால், தாமிரபரணிக் கரையில் பாபநாசம் தொடங்கி பாளையங்கோட்டை வரை வீடு வீடாகக் கேட்டுப் பாருங்கள். இன்ஹேலரை நிறுத்தியவர்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு காரணம் இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் நாம் - குடும்பத்தாரும், அக்கம்பக்கத்தாரும், மருந்துக் கடைக்காரரும், டாக்டரும் - கொடுத்த காரணம் என்பதுதான் என் கட்சி!

கணக்கு என்ன சொல்கிறது?

இந்தியாவில் 3 கோடிக்கும் அதிகமானவர்களுக்கு ஆஸ்துமா இருப்பதாக 2019-க்கான உலக நோய்ச்சுமைக் கணக்கு சொல்கிறது. உலக ஆஸ்துமா நோயாளிகளில் ஏறக்குறைய எட்டில் ஒருவர் இந்தியர். ஆனால், ஆஸ்துமாவால் இறப்பவர்களில் பத்துக்கு நான்கு பேருக்கு மேல் இந்தியர்கள்! நோயில் நம் பங்கு கொஞ்சம். சாவில் நம் பங்கு அதிகம். ஏன்?

நம் நாட்டில் பல ஊர்களில் 1 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கேட்டு நடத்திய ஆய்வு ஒன்று 2022-ல் வெளியானது. ஆஸ்துமா அறிகுறி உள்ளவர்களில் பெரும்பாலோருக்குத் தங்களுக்கு இருப்பது ஆஸ்துமா என்றே தெரியவில்லை. தினமும் தடுப்பு இன்ஹேலர் எடுத்துக்கொள்கிறவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை.

மருந்தை ஒழுங்காக எடுக்காத வழக்கம் நமக்கு மட்டும் சொந்தமில்லை. வளர்ந்த நாடுகளிலேயே நீண்ட நாள் வியாதிக்காரர்களில் பாதிப் பேர்தான் சொன்னபடி மருந்து எடுக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-லேயே எழுதிவைத்தது. ஆனால், அந்தப் பாதியைக்கூட நாம் எட்டவில்லை என்பதுதான் கவலை.

நம் ஊர்க் காற்று

'பொதிகைத் தென்றல் வீசுகிற ஊரில் ஆஸ்துமாவா?' என்று கேட்பவர்கள் உண்டு. தென்றல் இருக்கட்டும். ஆனி, ஆடியில் சாரல் வீசும்போது குளிர்காற்று. கார் அறுப்பிலும் பிசான அறுப்பிலும் மிஷின் ஓடினால் வயல் ஓரத்துத் தெருவெல்லாம் தூசும் உமியும். மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் பீடி சுற்றும் வீடுகளில் மடியிலேயே புகையிலைத் தூள். எல்லா ஊரிலும் இலவம்பஞ்சுத் தலையணை, பழைய பாய், அதில் கண்ணுக்குத் தெரியாத உண்ணிகள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் ஆறு ஊருக்குள் வந்ததே, அதுபோல வெள்ளம் புகுந்து வடிந்தால் சுவரெல்லாம் ஈரம், பூஞ்சணம்.

ஆஸ்துமா உள்ளவருடைய மூச்சுக்குழாயின் உட்சுவர் எப்போதும் லேசாக வீங்கிச் சிவந்து இருக்கும். தூசோ, புகையோ, குளிரோ, சளியோ பட்டதும் அது சுருங்குகிறது. உடனே 'இழுப்பு' வருகிறது. இழுப்பு வராத நாளிலும் அந்த வீக்கம் உள்ளே இருக்கிறது. இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் இன்ஹேலர் பற்றிய முக்கால்வாசிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

'பழகிட்டா விட முடியாதாமே?'

இன்ஹேலர் என்றதும் முதலில் வருகிற கேள்வி இதுதான். 'பம்பு வச்சிட்டாவன்னா கடைசிக் கட்டம்னு சொல்லுதாவ... மாத்திரை இல்லன்னா ஒரு ஊசி போடுங்க டாக்டர், சரியாயிரும்லா?'

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். மூச்சுக்குழாயை விரிக்கிற சால்பூட்டமால் மருந்து, இன்ஹேலரில் ஒரு தடவை அழுத்தினால் 100 மைக்ரோகிராம். அதே மருந்து மாத்திரையில் 4 மில்லிகிராம். அதாவது, 40 முறை அழுத்தினால் வருகிற மருந்து ஒரே மாத்திரையில் இருக்கிறது! மாத்திரை வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றி, கடைசியில் நுரையீரலுக்கு வருகிறது. அதற்குள் கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. இன்ஹேலர் மருந்தோ நேரே போக வேண்டிய இடத்துக்குப் போகிறது. தோட்டத்தில் ஒரு செடி வாடினால் அந்தச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவோமா, ஊர் முழுக்க மதகைத் திறந்துவிடுவோமா?

'ஸ்டீராய்டுன்னு சொல்லுதாவளே!' என்பது அடுத்த பயம். இதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஸ்டீராய்டு மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் மாதக்கணக்கில் விழுங்கி முகம் ஊதி, எடை கூடி, சர்க்கரை ஏறி, எலும்பு தேய்ந்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஆனால், கூத்து என்னவென்றால், இன்ஹேலருக்குப் பயப்படுகிற அதே ஆள்தான் இழுப்பு வரும்போது மருந்துக் கடையில், 'அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை ரெண்டு குடுங்க அண்ணாச்சி' என்று வாங்குகிறார். அது பெரும்பாலும் ஸ்டீராய்டு மாத்திரைதான்! இன்ஹேலரில் ஒரு நாளைக்குப் போவது பெரும்பாலோருக்கு 1 மில்லிகிராம்கூட இல்லை. இழுப்பு முற்றிய பிறகு கொடுக்கப்படுகிற மாத்திரையோ 30, 40 மில்லிகிராம்.

இன்ஹேலருக்குப் பக்க விளைவே கிடையாது என்று நான் சொல்ல மாட்டேன். தொண்டை கரகரக்கலாம். வாயில் வெள்ளைப் படலம் வரலாம். மருந்தை இழுத்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்பினால் இரண்டும் பெரும்பாலும் வராது. 'பிள்ளை வளராமப் போயிரும்' என்று தாய்மார்கள் பயப்படுகிறார்களே, அதையும் அமெரிக்காவில் ஆராய்ந்து பார்த்துவிட்டார்கள். சிறுவயதில் சில வருடங்கள் ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்த பிள்ளைகள் பெரியவர்களானதும் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் உயரம் குறைந்திருந்தார்கள் என்று 2012-ல் முடிவு வெளியிட்டார்கள். ஒரு விரல் அகலத்தைவிடக் குறைவு. இரவெல்லாம் இருமிக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டு, விளையாடாமல் மூலையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையின் வளர்ச்சியை யார் அளந்து பார்த்தார்கள்?

சுகமானதும் வருகிற ஆபத்து

இன்ஹேலரை நிறுத்தச் சொல்வது பல நேரங்களில் பக்கத்து வீட்டு மதினி இல்லை; இன்ஹேலரேதான்! ஒரு மாதம் ஒழுங்காக எடுத்தால் இழுப்பு நிற்கிறது. இரவில் தூக்கம் வருகிறது. மாடிப்படி ஏற முடிகிறது. 'அதான் சரியாப் போச்சே, இனி எதுக்கு?' என்று மனசு கேட்கிறது. மருந்து வேலை செய்வதுதான் மருந்தை நிறுத்தக் காரணமாகிறது. இதைவிட வேடிக்கை உண்டா?

கனடாவில் சஸ்கட்சவன் என்ற மாகாணத்தில் ஆஸ்துமா நோயாளிகளின் மருந்துக் கணக்கை எடுத்துப் பார்த்த ஆய்வு 2000-ம் ஆண்டு வெளியானது. ஒரு வருடத்தில் குறைந்த அளவு ஸ்டீராய்டு இன்ஹேலர் ஒவ்வொன்று கூடுதலாகப் பயன்படுத்தப் பயன்படுத்த, ஆஸ்துமா மரணம் 21 சதவீதம் குறைந்தது. தொடர்ந்து எடுத்தவர்களைவிட, நிறுத்தியவர்களிடம் முதல் மூன்று மாதங்களில் மரணம் அதிகமாக இருந்தது. 'நிறுத்தினேன், ஒண்ணும் ஆகலையே' என்று பெருமையாகச் சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அப்படியானால் ஆயுசு முழுக்கவா? எல்லோருக்கும் அதே அளவில் வேண்டியதில்லை. சுமார் மூன்று மாதம் தொந்தரவு இல்லாமல் இருந்தால் டாக்டரே அளவைப் படிப்படியாகக் குறைப்பார். குறைப்பது வேறு, தூக்கிப் போடுவது வேறு.

நீல பம்ப் கொடுக்கிற அல்வா

இன்ஹேலரில் இரண்டு வகை. ஒன்று, உடனடி நிவாரணம் தருவது. நம் கடைகளில் வழக்கமாக நீல நிறத்தில் கிடைக்கிற சால்பூட்டமால். இழுத்த சில நிமிடங்களில் மூச்சு விடும். மற்றது, உள்வீக்கத்தை ஆற்றுகிற தடுப்பு மருந்து. பூடசோனைடு, பெக்லோமெத்தசோன், புளுட்டிகசோன் போன்றவை. இது உடனே ஒன்றும் தெரியாது. நாள் போகப் போகத்தான் பலன்.

பலர் முதல் வகையை வைத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். காரணம் எளிது. முதலாவது கைமேல் பலன். இரண்டாவது காசு கொடுத்தும் 'ஒண்ணும் தெரியலையே'! ஆனால், நீல பம்ப் மட்டும் போட்டுக்கொண்டிருப்பது நுரையீரலுக்கு அல்வா கொடுக்கிற வேலை. மேலே இனிக்கும், உள்ளே வீக்கம் அப்படியே இருக்கும். அதனால்தான் சர்வதேச ஆஸ்துமா வழிகாட்டிக் குழு 2019-ல், நிவாரண மருந்தை மட்டும் தனியாகக் கொடுக்கிற சிகிச்சை இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டது. வருடத்துக்கு மூன்று நீல பம்ப்களுக்கு மேல் காலியானால் நோய் கட்டுக்குள் இல்லை என்று அர்த்தம். மாதம் ஒன்று காலியானால் உயிருக்கே ஆபத்து என்று அர்த்தம். மருந்துக் கடை அண்ணாச்சிகளும் இதைக் கவனித்து ஒரு வார்த்தை சொன்னால் புண்ணியமாகப் போகும்.

இப்போது தடுப்பு மருந்தும், வேகமாக வேலை செய்கிற விரிப்பான் மருந்தான ஃபார்மோட்டெராலும் ஒரே இன்ஹேலரில் சேர்ந்து வருகின்றன. தினசரிக்கும் அவசரத்துக்கும் அதையே பயன்படுத்தலாம் என்று டாக்டர் சொன்னால் வேலை இன்னும் சுலபம். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். 'இது எதுக்கு, அது எதுக்கு?' என்று டாக்டரிடமே கேட்டு, பெட்டியின் மேல் தமிழில் எழுதி வையுங்கள்.

யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

இருட்டுக்கடை அல்வாவுக்கு எத்தனை நேரம் வேண்டுமானாலும் வரிசையில் நிற்கிறோம். இன்ஹேலர் போடக் கற்றுக்கொடுக்க ஐந்து நிமிடம் யாரிடமும் இல்லை! சீட்டு எழுதுகிறவர், 'கடையில காட்டித் தருவாங்க' என்கிறார். கடையில், 'உள்ள பேப்பர்ல போட்டிருக்கு' என்கிறார்கள். பேப்பரைப் பிரித்தால் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. ஆச்சி பாவம், வாயைத் திறந்து செண்ட் அடிப்பதுபோல நாக்கில் அடித்துக்கொள்கிறாள். மருந்து தொண்டையோடு நின்றுவிடுகிறது. 'இது ஒண்ணும் கேக்கல தாயி' என்று மூலையில் போடுகிறாள். குற்றம் யாருடையது?

செய்ய வேண்டியது இதுதான்:

* ஸ்பிரே வகை என்றால் நன்றாகக் குலுக்குங்கள். மூச்சை முழுவதும் வெளியே விடுங்கள். உதட்டால் இறுக்கிப் பிடித்து, பைய மூச்சை இழுக்க ஆரம்பித்ததும் ஒரு முறை அழுத்தி, தொடர்ந்து ஆழமாக இழுங்கள். 10 விநாடி மூச்சைப் பிடித்து வையுங்கள். அடுத்த அழுத்தலுக்கு அரை நிமிடமாவது பொறுங்கள்.
* மாத்திரைக் குப்பி போட்டு இழுக்கிற பவுடர் வகை என்றால் நேர்மாறு. வேகமாக, பலமாக இழுக்க வேண்டும்.
* குழந்தைகளுக்கும், வயதானவர்களுக்கும், அழுத்துவதும் இழுப்பதும் ஒத்து வராதவர்களுக்கும் ஸ்பேசர் என்ற குடுவை அவசியம்.
* முடிந்ததும் வாய் கொப்பளித்துத் துப்புங்கள்.
* 120 முறை வரும் இன்ஹேலரை காலை இரண்டு, இரவு இரண்டு எடுத்தால் சரியாக 30 நாள். தொடங்கிய தேதியை அதன் மேலேயே எழுதுங்கள். குலுக்கிப் பார்த்து 'இன்னும் இருக்கு' என்று நினைப்பதும், தண்ணீரில் மிதக்க விட்டுப் பார்ப்பதும் நம்பத் தகுந்தவை அல்ல.

ஒவ்வொரு முறை டாக்டரிடம் போகும்போதும் இன்ஹேலரைக் கொண்டுபோய், அவர் முன்னால் போட்டுக் காட்டுங்கள். 'சரியாப் போடுதேனா, பாருங்க' என்று கேட்க வெட்கமே வேண்டாம்.

வெட்கம், கல்யாணம், கர்ப்பம்

இந்தப் பகுதியை அம்மாக்கள் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும்.

'பொண்ணுக்கு இழுப்பு இருக்குன்னு தெரிஞ்சா எவன் கட்டுவான்?' என்று வரன் பார்க்கத் தொடங்கிய நாளிலிருந்து இன்ஹேலர் ஒளிகிறது. கல்யாணமாகிப் போன வீட்டில் சமையலறைப் புகை, தாளிப்பு நெடி, ஒட்டடை, தூசு - எல்லாவற்றுக்கும் நடுவே அந்தப் பெண் மருந்தை மறைத்து வைத்துக்கொண்டு திணறுகிறாள். கர்ப்பமானதும், 'பிள்ளைக்கு ஆகாது' என்று பெரியவர்கள் யாராவது சொல்ல, இருந்ததையும் நிறுத்துகிறாள். உண்மை நேர் எதிர். கர்ப்ப காலத்தில் பிள்ளைக்கு ஆகாதது இன்ஹேலர் இல்லை. தாய்க்கு மூச்சு கிடைக்காததுதான். ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாவிட்டால் குறைப்பிரசவம், எடை குறைந்த குழந்தை, தாய்க்கு ரத்தக் கொதிப்பு எல்லாம் வரக்கூடும். டாக்டர் மேற்பார்வையில் இன்ஹேலரைத் தொடர்வதுதான் தாய்க்கும் பிள்ளைக்கும் பாதுகாப்பு.

நடிகை பிரியங்கா சோப்ரா தனக்குச் சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா இருப்பதாக 2018-ல் வெளிப்படையாகச் சொன்னார். உலக அழகிப் பட்டத்துக்கும் சினிமாவுக்கும் தடையாக இல்லாதது, நம் வீட்டுப் பெண்ணின் கல்யாணத்துக்கு மட்டும் ஏன் தடையாக வேண்டும்? மாப்பிள்ளை வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. மறைக்காமல் சொல்கிற பெண் வீட்டாரை மதியுங்கள். நீங்கள் முகம் சுளிப்பதால்தான் அவர்கள் மறைக்கிறார்கள்.

மீனும் மூலிகையும்

வருடா வருடம் மிருகசீரிஷக் கார்த்தியன்று ஹைதராபாத்தில் உயிர் விரால் மீனுக்குள் மருந்து வைத்து விழுங்கத் தருகிறார்கள். நம் பக்கத்திலிருந்தும் ரயிலேறிப் போகிறார்கள். அது ஆஸ்துமாவைக் குணப்படுத்தும் என்பதற்கு விஞ்ஞானச் சான்று இல்லை. போகிறவர்கள் இன்ஹேலரையும் பையில் வைத்துக்கொண்டு போங்கள் என்பதே என் வேண்டுகோள்.

சித்த மருத்துவத்துக்குப் பேர்போன மண் இது. பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. ஆடாதொடையும் தூதுவளையும் நம் வீட்டுச் சொத்து. அதைச் சாப்பிடுகிறவர்கள் இரண்டு டாக்டர்களிடமும் உண்மையைச் சொல்லிச் சாப்பிடுங்கள். ஆனால், கஷாயத்தை நம்பி இன்ஹேலரை ஒரே நாளில் நிறுத்தாதீர்கள்.

'மூச்சில் இழுக்கிற வைத்தியம் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது' என்று நினைப்பவர்களுக்கு ஒரு சேதி. இழுப்புக்கு ஊமத்தைப் புகை பிடிப்பது நம் நாட்டுப் பழைய முறை. 1802-வாக்கில் சென்னையிலிருந்த ஆங்கிலேயர்கள்தான் இதைப் பார்த்து பிரிட்டனுக்குக் கொண்டுபோனார்கள். ஊமத்தை கடும் விஷம். இன்று யாரும் முயற்சி செய்யக் கூடாது. அளவு தெரியாத அந்தப் புகைக்குப் பதிலாக, அளந்து கொடுக்கிற கருவி 1956-ல் அமெரிக்காவில் வந்தது. ஒரு மருந்துக் கம்பெனித் தலைவரின் 13 வயது மகள், 'செண்ட் மாதிரி என் ஆஸ்துமா மருந்தையும் ஏன் ஸ்பிரே டப்பாவில் அடைக்கக் கூடாது?' என்று கேட்டதில் பிறந்தது அது. கேட்டது ஒரு நோயாளிக் குழந்தை. கவனித்துக் கேட்டுக்கொண்டது ஒரு தகப்பன். நம் வீடுகளிலும் அப்படிக் காதுகொடுத்தால் நல்லது.

காசும் தூரமும்

எல்லாவற்றையும் பயம், வெட்கம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் கூடாது. தடுப்பு இன்ஹேலர் ஒன்று சில நூறு ரூபாய். மாதம் தவறாமல் வாங்க வேண்டும். பீடி சுற்றுகிற, வயல் வேலை பார்க்கிற குடும்பத்தில் முதலில் வெட்டு விழுவது அதில்தான். விக்கிரமசிங்கபுரத்திலிருந்து ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கு வந்து போனால் ஒரு நாள் கூலி போச்சு. இதுவா பிடிவாதம்?

2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டு வாசலுக்கே மாத்திரை கொண்டுவந்தது. நல்ல காரியம். அந்தப் பையில் தடுப்பு இன்ஹேலருக்கும் ஓர் இடம் வேண்டும். கொண்டுவருகிற பெண் ஊழியரே போடும் முறையைப் பார்த்துத் திருத்தலாம். ஆரம்ப சுகாதார நிலையங்களில் தடுப்பு இன்ஹேலரும் ஸ்பேசரும் எந்த மாதமும் தட்டுப்பாடு இல்லாமல் இருக்க வேண்டும். 2025 உலக ஆஸ்துமா தினத்தின் முழக்கமே, இன்ஹேலர் சிகிச்சை எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்பதுதான். அதுவரை, மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலும் குறைந்த விலையில் கிடைக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

விடாமல் எடுப்பவர்கள் யார்?

அவர்களும் நம் ஊரில் இருக்கிறார்கள். அதிகம் படித்தவர்கள், வசதியானவர்கள் மட்டுமல்ல. கவனித்துப் பார்த்தால் மூன்று விஷயம் பொதுவாக இருக்கும். எது எதற்கு மருந்து என்று யாரோ ஒருவர் பொறுமையாகச் சொல்லியிருப்பார். இன்ஹேலர் பல் துலக்குகிற பிரஷ் பக்கத்தில், எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் இருக்கும். 'இன்னிக்குப் போட்டியா?' என்று திட்டாமல் கேட்க வீட்டில் ஓர் ஆள் இருப்பார்.

ஆக, குடும்பத்தார் செய்ய வேண்டியது பெரிய காரியம் இல்லை. வீட்டில் ஒருவருக்கு இன்ஹேலர் எழுதிக்கொடுத்தால், இன்னொருவரும் அதைப் போடக் கற்றுக்கொள்ளுங்கள். குற்றாலத்துக்கோ சொரிமுத்தையனார் கோயிலுக்கோ கிளம்பும்போது, சாப்பாட்டுக் கூடைக்கு முன்னால் இன்ஹேலரை எடுத்து வையுங்கள். மழை எச்சரிக்கை வந்தால் ரேஷன் கார்டு இருக்கிற பையிலேயே ஒன்று இருக்கட்டும். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, நிவாரண மருந்தும் கேட்காவிட்டாலோ ஒரு நிமிடமும் யோசிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

முதலில் இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். பீரோவைத் திறந்து அந்த இன்ஹேலரை எடுங்கள். காலாவதித் தேதியைப் பாருங்கள். கூடத்து அலமாரியில், பிரஷர் மாத்திரைக்குப் பக்கத்தில், தைரியமாக வையுங்கள். வருகிறவர் போகிறவர் பார்க்கட்டுமே. மூச்சு விடுவதற்கு யாரிடமும் வெட்கப்பட வேண்டியதில்லை!